கொக்கி ஊசியும் ஓய்வு நேரமும்

நாகர்கோவிலில் என் அத்தையின் வீட்டுக் கூடத்தில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. அதன் தலைமேல் வெள்ளை நூலாற் பின்னிய வட்டமான விரிப்பு ஒன்று எப்பொழுதும் கிடக்கும். அக்காலத்து வீடுகள் பலவற்றில் வானொலிப் பெட்டிக்கு ஒரு விரிப்பு, தண்ணீர்க் கூசாவுக்கு ஒரு மூடி, சாய்வு நாற்காலியின் முதுகுக்கு ஓர் உறை என்று எங்கு நோக்கினும் இத்தகைய பின்னல் வேலைகள் காணப்படும். அவற்றைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான். ஆயினும் அவை எவ்வாறு உண்டாயின என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. 1966ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் மாமரத்திலிருந்து விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்ட பிறகே அவ்வெண்ணம் எனக்கு உண்டாயிற்று.

ஆறு வாரம் கட்டிலை விட்டு இறங்கலாகாது என்பது மருத்துவர் கட்டளை. வீட்டிலிருந்த கதைப் புத்தகங்கள் பத்தே நாளில் தீர்ந்துபோயின. பதினோராம் நாள் அத்தை என் அருகில் வந்து அமர்ந்து, "கை ரெண்டும் சும்மாதானே இருக்கு, மக்களே" என்று சொல்லி, ஒரு சிறிய எஃகு ஊசியையும் ஒரு நூலுருண்டையையும் என் மடியில் வைத்தார். ஊசியின் முனையில் காது இல்லை. சிறு தூண்டில் முள்ளைப் போல ஒரு கொக்கி மட்டும் இருந்தது. ஆண்பிள்ளை ஊசி பிடிப்பதா என்று என்னைப் பார்க்க வந்தவர்கள் நகைத்தார்கள். தையற்கடைக்காரரும், கடற்கரையில் அமர்ந்து வலை முடைவோரும் ஆண்கள்தாமே என்று திருப்பிக் கேட்கும் சாதுரியம் அன்று எனக்கு இல்லை.

அந்த ஊசிக்குக் குரோஷா ஊசி என்று பெயர். பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குச் சிறு கொக்கி என்பதே பொருள். அதனாற் செய்யும் வேலையையும் குரோஷா என்றே நம் வீடுகளில் வழங்குகிறோம். ஸ்வெட்டர் பின்னுவோரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கையில் இரண்டு ஊசிகள் இருக்கும். ஒரு வரிசையின் கண்ணிகள் அனைத்தும் அவிழாதபடி ஊசியின்மேல் காத்துக்கொண்டிருக்கும். ஊசி நழுவினால் வரிசையே சரிந்துவிடும். குரோஷாவிலோ ஓர் ஊசி, அதன்மேல் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணி. ஊசியை முன்பு பின்னிய பகுதியின் ஒரு துளைக்குள் நுழைத்து, நூலைக் கொக்கியில் மாட்டி இழுத்தால் ஊசியில் இரண்டு கண்ணிகள் ஆகும். மீண்டும் நூலை மாட்டி அவ்விரண்டின் ஊடேயும் இழுத்துவிட்டால் ஒரு பின்னல் முடிந்தது. ஊசியில் பழையபடி ஒரு கண்ணியே எஞ்சும். ஒவ்வொரு பின்னலும் அவ்வப்போதே முற்றுப்பெற்று விடுவதால், ரயில் வந்துவிட்டதென்று வேலையைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினாலும் அவிழக்கூடியது அந்த ஒரு கண்ணிதான்.

இவ்வளவு எளிதாக இருந்தும் முதல் வாரம் முழுவதும் எனக்குத் தோல்வியாகவே கழிந்தது. பின்னலுக்கு அடித்தளமாக ஒரு சங்கிலி போடவேண்டும். நான் போட்ட சங்கிலி, ஊசிமுனை நுழைய முடியாதபடி இறுகிவிட்டது. இரண்டாம் வாரம் சதுரத் துண்டு ஒன்று பின்னத் தொடங்கினேன். வரிசை ஏற ஏற அது ஒடுங்கி முக்கோணமாயிற்று. ஒவ்வொரு வரிசையின் கடைசிப் பின்னலையும் நான் தவறவிட்டுக்கொண்டே போயிருக்கிறேன் என்பதை அத்தை எண்ணிக் காட்டினார். குரோஷா கற்பவர்களில் இப்பிழையைச் செய்யாதவர் அரியர். ஆகையால், வரிசைதோறும் எண்ணிப் பாருங்கள் என்று கூறுவேன். இன்னொன்றும் சொல்லவேண்டும். என் அத்தை எனக்குத் தந்தது மிக மெல்லிய லேஸ் நூல். தொடங்குபவருக்கு அது ஏற்றதன்று. பருத்த நூலும் 4 மில்லிமீட்டர் ஊசியும் எடுத்துக்கொண்டால் கண்ணிகள் கண்ணுக்கு நன்றாகப் புலப்படும். லேஸ் நூலுருண்டையில் அச்சிட்ட எண் கூடக் கூட நூல் மெலிந்துகொண்டு போகும் என்பதையும் நினைவிற் கொள்க. 40ஆம் எண் நூல் 10ஆம் எண் நூலைவிட நுண்ணியது.

மூன்றாம் வாரம், வானொலிப் பெட்டியின் விரிப்பைப் போல வட்டமாகப் பின்ன ஆசைப்பட்டேன். நடுவில் ஆறு பின்னல் போட்டு, அதைச் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே சென்றேன். சில சுற்றுகளில் அது கிண்ணமாகக் கவிழ்ந்துகொண்டது. அத்தை அதை எடுத்து என் தலையில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் சமையலறைக்குப் போய்விட்டார். பின்னல்கள் குறைந்துவிட்டன போலும் என்று எண்ணி மறுமுறை தாராளமாகக் கூட்டினேன். அப்போது ஓரமெல்லாம் சுருக்கம் சுருக்கமாக நெளிந்து, கோழிக்கொண்டைப் பூவைப் போல் ஆயிற்று. தட்டையாக இருக்கவேண்டுமானால் ஒவ்வொரு சுற்றிலும் சரியாக ஆறு கூட்டவேண்டும் என்றார் அத்தை. முதற்சுற்றில் 6, பிறகு 12, பிறகு 18, 24 என்று செல்லவேண்டும். ஏன் ஆறு என்று கேட்டேன். எங்கள் டீச்சர் அப்படித்தான் சொன்னார்கள் என்பதே அவர் விடை.

அதன் காரணம் நீங்கள் பள்ளியிற் படிக்கும் கணக்கில் இருக்கிறது. வட்டத்தின் சுற்றளவு ஆரத்தைப் போல் இரண்டு பை மடங்கு. அதாவது ஏறக்குறைய 6.28 மடங்கு. ஒரு சுற்றுப் பின்னினால் ஆரம் ஒரு பின்னலின் உயரம் அளவுக்குக் கூடுகிறது. ஆகவே சுற்றளவு அவ்வுயரத்தைப் போல் 6.28 மடங்கு கூடவேண்டும். இந்தக் குட்டையான பின்னலின் அகலமும் உயரமும் ஏறத்தாழச் சமமானவை; அகலம் ஒரு சிறிது மிகுதி என்றுகூடச் சொல்லலாம். எனவேதான் ஆறு. பின்னலை உயரமாகப் போட்டால் இந்த எண்ணும் மாறும். நெட்டைப் பின்னலுக்குப் பன்னிரண்டு கூட்டுவது வழக்கம். பிற்காலத்தில் நான் கணித ஆசிரியனானேன். கரும்பலகையில் எத்தனையோ முறை அந்தச் சூத்திரத்தை எழுதியிருக்கிறேன். எழுதும்போதெல்லாம் என் தலைமேல் கவிழ்ந்த அந்தக் கிண்ணம் நினைவுக்கு வரும்.

நான் பிழையென்று பிரித்தெறிந்த அந்தக் கோழிக்கொண்டைத் துண்டுக்கும் கணிதத்தில் ஓர் இடம் உண்டு என்பதை 1966இல் நான் எப்படி அறிவேன்? ஒரு நேர்கோட்டுக்கு வெளியேயுள்ள புள்ளியின் வழியாக அக்கோட்டுக்கு இணையாக ஒரே ஒரு கோடுதான் வரைய முடியும் என்று யூக்ளிட்டின் வடிவியலிற் படிக்கிறோம். அவ்வாறன்றிப் பல கோடுகள் வரைய இயலும் வேறொரு வடிவியலும் முரண்பாடின்றி அமையக்கூடும் என்று 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் ருஷ்யாவில் லொபசெவ்ஸ்கியும் ஹங்கேரியில் போயாயும் தனித்தனியே வெளியிட்டனர். அத்தகைய தளத்தைக் கையாலே தொட்டுப் பார்க்கும்படி செய்து காட்டுவது எளிதாயில்லை. காகிதத்தை ஒட்டிச் செய்த மாதிரிகள் விரைவிற் கிழிந்துவிடும். லாத்வியா நாட்டிற் பிறந்து, அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்திற் கற்பித்துவந்த டைனா தைமினா என்னும் அம்மையார், 1997இல் அதைக் குரோஷா ஊசியாற் பின்னிக் காட்டினார். முறை மிக எளிது. இத்தனை பின்னலுக்கு ஒன்று கூட்டுவது என்று ஒரு விகிதத்தை வைத்துக்கொண்டு, அதைக் கடைசிவரை மாற்றாமற் பின்னவேண்டும். ஐந்துக்கு ஒன்று கூட்டுவதாகக் கொள்வோம். 20 பின்னலோடு தொடங்கினால் பத்து வரிசைக்குப்பின் ஏறக்குறைய 124 ஆகும். இன்னும் பத்து வரிசை சென்றால் 767க்கு அருகில் வந்துவிடும். நெளியாமல் என்ன செய்யும்? அந்த நெளிவுதான் அவர் வேண்டிய தளம். அதை மடித்து மடிப்பின் வழியே வண்ண நூல் ஓட்டினால் நேர்கோடு கிடைக்கும். இணைகோடுகள் பலவாவதைக் கண்ணாலே காணலாம். இதுபற்றி அவர் எழுதிய நூலுக்கு 2012இல் ஆயிலர் நூற்பரிசு கிடைத்தது. ஆஸ்திரேலியாவிற் பிறந்த வெர்தைம் சகோதரியர் இருவர், 2005இல் இம்முறையைக் கைக்கொண்டு பவளப்பாறையைப் போன்ற பின்னல் உருவங்களைச் செய்யத் தொடங்கினர். பவளமும் இதே கணக்குப்படி நெளிந்து வளர்வது. கடல் வெப்பமுற்றுப் பவளப்பாறைகள் வெளுத்து அழிவதை நாட்டாருக்கு உணர்த்துவது அவர்கள் நோக்கம். பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் அப்பணியிற் சேர்ந்து பின்னிக் கொடுத்திருக்கிறார்கள்.

நிற்க. கணக்கிலேயே நின்றுவிட்டால் நான் சொல்ல வந்தது எஞ்சிவிடும்.

கால் கட்டுப் பிரித்த பிறகும் குரோஷா ஊசியை நான் விட்டுவிடவில்லை. இடையிடையே எடுத்துப் பின்னுவேன். 1979ஆம் ஆண்டு, ஆசிரியப் பணியில் இருந்தபோது, ஒரு திருவிழாக் கடையில் லேஸ் விரிப்பு ஒன்றைக் கண்டேன். குறுக்களவு ஒரு சாணுக்குச் சற்றே குறையும். கடைக்காரர் எட்டு ரூபாய் சொன்னார். நான் வாதாடி ஐந்து ரூபாய்க்கு வாங்கினேன். பேரம் பேசிச் சாதித்த பெருமையோடு அதை அத்தையிடம் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நடுவிலிருந்து ஓரம்வரை சுற்றுகளை எண்ணத் தொடங்கினார். நாற்பது இருந்தன. பிறகு என்னைப் பார்த்து, "அஞ்சு ரூபாய்க்கு நீ இதைப் பின்னித் தருவியா, மக்களே?" என்று கேட்டார்.

அன்றிரவு நான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு என்று நாற்பது சுற்றுக்களின் பின்னல்களைக் கூட்டினால் 4,920 வரும். கைதேர்ந்த ஒருத்தி நிமிடத்துக்கு 25 பின்னல் போடுவதாகக் கொண்டாலும், எழுந்து நடக்காமல், நூல் சிக்காமல், 3 மணி 17 நிமிடம் ஆகும். ஓர வேலைப்பாட்டையும் சேர்த்து நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். நூல் விலையையும் கடைக்காரர் பங்கையும் கழித்தால் பின்னியவள் கைக்கு ஒரு மணி நேரத்துக்கு எத்தனை காசு போயிருக்கும்? அவள் முகத்தையும் நான் அறியேன், ஊரையும் அறியேன். ஆனால் நான் குறைத்த மூன்று ரூபாய் யாரிடமிருந்து குறைந்தது என்பது மட்டும் விளங்கிற்று. பல ஆண்டுகள் பின்னியும் அக்கணக்கு எனக்குத் தோன்றாமற் போனதற்குக் காரணம், அது என் பொழுதுபோக்காக இருந்ததுதான். பொழுதைப் போக்கவே பின்னுகிறவனுக்கு, போன பொழுது கணக்கில் வருவதில்லை.

துணிக்கடைகளில் தொங்கும் மற்ற ஆடைகளோடு குரோஷாவை ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. காலுறை பின்னும் சட்டத்தை இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589லேயே அமைத்துவிட்டார். ஊசியின்மேல் கண்ணிகள் வரிசையாக நிற்பதால் அவ்வகைப் பின்னல் இயந்திரத்துக்கு எளிதில் வசப்பட்டது. குரோஷா ஊசியோ முன்னும் பின்னும் பக்கவாட்டிலுமாகத் தானே துளை தேடி நுழையவேண்டும். அதைப் போலத் தோன்றும் துணியை இயந்திரம் உண்டாக்கும். ஆய்வுக்கூடங்களில் சில முயற்சிகளும் நடந்துள்ளன. ஆயினும், உண்மையான குரோஷாப் பொருள் ஒன்று கடையில் இருக்குமானால், அதன் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், யாரோ ஒருவர் அமர்ந்து கையாற் பின்னியது அது என்றே கொள்ளலாம்.

இந்த ஊசிக்கு நெடிய வரலாறு இல்லை. அச்சிற் கிடைத்துள்ள மிகப் பழைய குரோஷா மாதிரிகள், 1823இல் ஹாலந்து நாட்டுப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தவை. ஆனால் அந்தக் குறுகிய வரலாற்றில், ஓய்வுக்கு என்றும் உணவுக்கு என்றும் இரண்டு கைகளில் ஒரே ஊசி இருந்துவந்திருக்கிறது. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிற்று. அதனால் உண்டான பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் மாண்டனர். கார்க் நகரை அடுத்த கன்னிமாடத்துத் துறவியர் அங்குள்ள பெண்களுக்குக் குரோஷா கற்பித்தனர். வடக்கே குளோன்ஸ் என்ற ஊரில், 1847இல், அவ்வூர்க் குருவானவரின் மனைவி கசாண்ட்ரா ஹாண்ட் என்பார் அதைப் பரப்பினார். வெனிஸ் நகரத்து விலையுயர்ந்த ஊசி லேஸைப் போலவே தோன்றும் பூக்களை, அதைவிடப் பன்மடங்கு விரைவாகக் கொக்கியாற் பின்ன முடிந்தது. ரோஜாவும் மூவிலைப் புல்லும் பின்னி விற்றுப் பல குடும்பங்கள் உயிர் தப்பின. அதே இங்கிலாந்து அரசியார் விக்டோரியாவும் குரோஷா பின்னுவார். போயர் யுத்தத்தின்போது, 1900இல், வீரத்துக்குப் பரிசாக எட்டுக் கழுத்துத் துண்டுகளைத் தம் கையாலேயே பின்னி அனுப்பினார். அவற்றுள் ஒன்று கனடா நாட்டின் போர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அரசியார் பின்னியதற்கு விலை பேசுவார் உண்டோ?

நம் பக்கத்துச் செய்திக்கு வருவோம். என் அத்தையின் ஊராகிய நாகர்கோவிலில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் சிறுமியருக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அது கொக்கி வேலையன்று; மெத்தையின்மேல் ஊசிகளைக் குத்தி, நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. ஆயினும், வீட்டிலிருந்தபடி கையால் ஈட்டலாம் என்ற வழக்கம் அவ்வட்டாரத்தில் அதனால் வேரூன்றிற்று. குரோஷா லேஸுக்குப் பெயர்பெற்ற ஊர் ஆந்திர மாநிலத்து மேற்குக் கோதாவரிப் பகுதியிலுள்ள நரசாப்பூர். அங்கும் மிஷன் ஊழியர்களே 19ஆம் நூற்றாண்டில் அதைத் தொடங்கிவைத்தனர். அது பெருகி ஏற்றுமதித் தொழிலாயிற்று. ஒருத்தி பூவை மட்டும் பின்னுவாள். மற்றொருத்தி பூக்களை இணைப்பாள். இடையில் தரகர், அவருக்குமேல் வணிகர். 2024இல் அதற்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது.

மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர் அப்பெண்களிடையே தங்கி ஆராய்ந்து, 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டு வேலைகளுக்கு மேலே நாள்தோறும் பல மணி நேரம் பின்னிய அப்பெண்களைத் தொழிலாளர் என்று எவரும் கருதவில்லை என்று அதிற் காட்டியிருக்கிறார். அவர்கள் இல்லத்தரசியர், ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள் என்பதே வணிகர்களின் பேச்சு. ஓய்வு நேரத்துக்குக் கூலி எதற்கு? அந்த ஒரு சொல்லால் அவர்களது கூலி, வயலில் வேலை செய்யும் பெண்ணின் கூலியினும் தாழ்ந்து கிடந்தது. அந்நூலைப் படித்தபோது என் ஐந்து ரூபாய் விரிப்பு எங்கிருந்து வந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். எங்கிருந்து வந்திருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுக் குரோஷாவே வேண்டாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. பின்னத் தெரிந்ததனாலன்றோ அத்தையால் அந்தச் சுற்றுகளை எண்ண முடிந்தது? கையால் ஒன்றைச் செய்து பார்த்தவன், கடையில் அதே பொருளைப் பார்க்கும் பார்வை வேறு. இக்காலத்து மாணவ மாணவியர் தாம் பின்னிய பைகளையும் பொம்மைகளையும் தோழர்களுக்கு விற்பதையும் காண்கிறேன். விற்கலாம், தவறில்லை. விலையில் நூலை மட்டுமன்றி நேரத்தையும் சேருங்கள். இதற்கா இவ்வளவு என்று கேட்பவர் வேறு கடைக்குப் போகட்டும். நீங்கள் குறைத்து விற்றால், அதையே நம்பி வாழும் இன்னொருத்தியின் விலையையும் சேர்த்துக் குறைக்கிறீர்கள். அன்பளிப்பாகக் கொடுப்பது வேறு. அங்கே கணக்கு இல்லை.

தொடங்க விரும்புவோர்க்கு இரண்டொரு செய்தி. இங்கிலாந்துப் புத்தகத்தில் இரட்டைப் பின்னல் என்று கூறுவதையே அமெரிக்கப் புத்தகத்தில் ஒற்றைப் பின்னல் என்பர். எந்நாட்டுப் புத்தகம் என்று பாராமல் தொடங்கினால் சட்டை பாதிரியார் அங்கியாகிவிடும். குறியீடுகளால் வரைந்த படங்களைப் படிக்கக் கற்றுக்கொண்டால் இத்தொல்லை இல்லை. கட்டம் போட்ட தாளில் நிரம்பிய கட்டமும் வெற்றுக் கட்டமுமாக எழுதிப் பின்னும் முறை ஒன்று உண்டு. நம் வீட்டுக் கோல நோட்டில் உள்ள தாமரையையும் கிளியையும் அப்படியே கட்டத் தாளில் ஏற்றிப் பின்னலாம், நான் செய்திருக்கிறேன். கிளியின் மூக்கு மட்டும் வளையாது, படிக்கட்டுப் போல வரும். குரோஷா பிடிக்கவில்லையென்றால் வயர்க் கூடை பின்னுங்கள். அதிலும் எண்ணிக்கைதான் உயிர். அடியில் ஒரு முடிச்சுத் தவறினால் கைப்பிடி போடும்போதுதான் தெரியவரும்.

அத்தையின் வானொலிப் பெட்டி எப்பொழுதோ பழுதாகிப் பழைய சாமான்காரரிடம் போய்விட்டது. விரிப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. பருத்தி நூலாதலால் வெந்நீரில் சோப்பிட்டு அலசி, கஞ்சி போட்டு, துண்டின்மேல் விரித்து, ஓரங்களைக் குண்டூசியால் நிறுத்திக் காயவைப்பேன். அதில் ஐம்பத்திரண்டு சுற்றுகள். எத்தனை பின்னல் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.